உரக்கடை சாஃப்ட்வேருக்கு விலை வைத்த விதம்: காவிரி டெல்டாவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் மூன்று பேர் நடத்தும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். விற்பது ஒரே பொருள்தான்: உரம், விதை, பூச்சிமருந்து விற்கும் கடைகளுக்கான கணக்கு சாஃப்ட்வேர். 2023 கோடையில் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மாதம் 500 ரூபாய், வரி தனி. 2025 மார்ச்சில் அந்த விலைப்பட்டியலை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று கொண்டுவந்தார்கள். ஒரு நடுத்தரக் கடை ஆண்டுக்குக் கொடுக்கும் தொகை ஏறத்தாழ அப்படியேதான் இருந்தது. எதை எண்ணிக் காசு வாங்குவது, எந்த மாதம் வாங்குவது என்ற இரண்டும் தலைகீழாக மாறின. விலையை மாற்றும் வேலையில் அவர்களோடு உட்கார்ந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரும் கடைகளின் பெயரும் வெளியே வர வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

கடையில் பணம் வரும் மாதமும் போகும் மாதமும்

டெல்டாவில் உரக்கடைக்கு ஆண்டுத் தொடக்கம் இரண்டு. ஒன்று ஏப்ரல் 1, ஆடிட்டருக்காக. இன்னொன்று ஜூன் 12, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள். தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் குறுவைக்கு விதை போகும், பின்னாலேயே டிஏபி, யூரியா, களைக்கொல்லி. குறுவை அறுக்கும் முன்பே சம்பாவுக்கு விற்பனை ஆரம்பித்துவிடும், பிறகு தாளடி. ஜூனிலிருந்து டிசம்பர் வரை கடையிலிருந்து சரக்கு போய்க்கொண்டே இருக்கும். பணம் அதே வேகத்தில் வராது. பெரும்பகுதி பற்று, அதாவது கடன். விவசாயி நெல்லை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் கடைக்கு வருவார். குறுவைப் பணம் அக்டோபர் வாக்கில் கொஞ்சம் வரும். சம்பா, தாளடிப் பணம் தை பிறந்து மாசி, பங்குனி வரை வரும். கடைக்காரர் கல்லா நிறைவது அப்போதுதான்.

ஆனால் கடைக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரி அவ்வளவு நாள் பொறுப்பதில்லை. நவம்பர், டிசம்பரில் கடைக்காரர் வங்கியில் ஓவர்டிராஃப்ட் கடன் வரம்பின் உச்சியில் நிற்பார். வெளியே பார்த்தால் கடையில் கூட்டம் அலைமோதும். உள்ளே கையில் காசு இருக்காது.

லாபம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. கடைக்கு அதில் மூட்டைக்கு இருபது ரூபாய்கூட நிற்பதில்லை. யூரியா இல்லாத கடைக்கு ஆள் வராது என்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். காசு பார்ப்பது பூச்சிமருந்திலும் விதையிலும் நுண்ணூட்டத்திலும். அதனால் விற்றுமுதல் பெரிதாகத் தெரியும் கடையில் லாபம் சின்னதாக இருக்கலாம். விலை பேசும்போது இது பெரிய விஷயமாக வந்து நின்றது.

சாஃப்ட்வேர் செய்வது மூன்று வேலை. பில் போடுவது, அதாவது ஒரே பில்லில் விதைக்கு வரி இல்லை, உரத்துக்கு 5 சதவீதம், பூச்சிமருந்துக்கு 18 சதவீதம் என்று பிரித்துக் காட்டுவது. காலாவதித் தேதி நெருங்கும் மருந்தை முன்கூட்டியே எடுத்துக் காட்டுவது. மூன்றாவதுதான் முக்கியம்: பற்றுக் கணக்கு. யாருக்கு எந்தப் போகத்தில் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக நிற்கிறது என்று ஊர்வாரியாக எடுத்துத் தருவது. முதல் இரண்டு வேலையைச் செய்ய சந்தையில் வேறு சாஃப்ட்வேர்கள் ஏராளம். மூன்றாவதற்காகத்தான் இவர்களிடம் வந்தார்கள்.

மாதம் 500 ரூபாய் ஏன் நிற்கவில்லை

500 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மற்ற பில்லிங் சாஃப்ட்வேர்களின் விலையைப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழே வைத்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலான சின்ன நிறுவனங்கள் இப்படித்தான் வைக்கின்றன, தப்பென்று சொல்ல முடியாது. தொகை கடைக்காரர்களுக்குப் பெரிதாகவும் இல்லை. மாதம் பிறந்தால் யுபிஐ ஆட்டோபேயில் வரியோடு 590 ரூபாய் போய்விடும் என்று ஏற்பாடு.

ஏப்ரல், மே மாதங்களில் கடையில் வேலை குறைவு, உட்கார்ந்து கேட்க நேரம் இருக்கும், கையில் சம்பாப் பணமும் இருக்கும். அப்போது சேர்ந்தவர்கள் அதிகம். அக்டோபருக்கு மேல் ஆட்டோபே ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தது. போன் போட்டால், "தம்பி, இப்ப புடிக்காதீங்க. தை பொறந்துரட்டும், மொத்தமா வாங்கிக்கங்க" என்பார்கள். 590 ரூபாய் இல்லாத கடை கிடையாது. ஆனால் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக்கு எந்த நேரமும் வங்கிக்கு வரலாம் என்று காத்திருப்பவருக்கு, தானாகக் கணக்கைத் தொடும் எதுவும் பிடிக்காது. சிலர் ஆட்டோபேயையே ரத்து செய்தார்கள். பணம் வராத கணக்கை சாஃப்ட்வேர் தானாகப் பூட்டிவிடும். பூட்டிய கடை நோட்டுக்குத் திரும்பும். நோட்டுக்குத் திரும்பிய கடை தையில் பணம் வந்த பிறகும் வருவதில்லை, ஏனென்றால் நடுவில் இரண்டு மாதப் பற்று சாஃப்ட்வேரில் இல்லை. அரைகுறைப் பேரேடு யாருக்கும் உதவாது.

2024 இதை இன்னும் மோசமாக்கியது. அந்த ஆண்டு மேட்டூரில் தண்ணீர் இல்லை, அணை ஜூலை 28-இல்தான் திறந்தது. மோட்டார் பாசனம் உள்ளவர்கள் தவிர மற்றவர்களுக்குக் குறுவை இல்லை. "வியாபாரமே இல்ல, ரெண்டு மாசத்துக்கு நிறுத்தி வைங்க" என்று கேட்ட கடைகள் பல. நிறுத்தி வைக்க அந்த விலைத்திட்டத்தில் வழியே கிடையாது. ஒன்று கட்ட வேண்டும், இல்லையென்றால் போக வேண்டும்.

கேட்டால் சொல்வார்களா

புதிய விலைக்கு முன் கடைக்காரர்களிடம் கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது. நெதர்லாந்துப் பொருளியலாளர் பீட்டர் வான் வெஸ்டன்டார்ப் 1976-இல் முன்வைத்த நான்கு கேள்வி முறை இதற்குப் பேர்போனது. என்ன விலை என்றால் வாங்கவே மாட்டீர்கள், என்ன விலை என்றால் தரத்தைச் சந்தேகப்படுவீர்கள், எந்த விலை அதிகம் என்று தோன்றினாலும் யோசிப்பீர்கள், எந்த விலை லாபம் என்று நினைப்பீர்கள். நான்கையும் வரைபடமாகப் போட்டால் விலை எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று தெரியும்.

மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம் பக்கம் கடைகளில் கேட்டுப் பார்த்தார்கள். உருப்படியாக எதுவும் வரவில்லை. நாளெல்லாம் பேரம் பேசுபவரிடம் "எது உங்களுக்கு அதிகம்" என்று கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை, பேரத்தை ஆரம்பிக்கிறார். அதுவும் வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது. பாக்கி எவ்வளவு வராமல் போயிற்று என்று கேட்டதற்கும் பதில் இல்லை. அது வீட்டில்கூடச் சொல்லாத கணக்கு.

பலன் தந்தது வேறு கேள்வி: "ஜிஎஸ்டி ரிட்டர்ன் யார் போடுறாங்க, என்ன கொடுக்கறீங்க?" இதற்குத் தயங்காமல் பதில் வந்தது. மாதம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐந்நூறு. கணக்கு எழுத மாலையில் வரும் பையனுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதும் வந்தது. வாங்குபவர் மனதில் நம் பொருளுக்குப் பக்கத்தில் எந்தச் செலவு உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடைக்காரர்கள் இந்த சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரோடு ஒப்பிடவில்லை, கணக்குப் பார்க்கும் ஆளோடுதான் ஒப்பிட்டார்கள். அந்த ஆளுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போகிறது. ஆக, மாதம் 590 வீதம் ஆண்டுக்கு 7,080 அதிகமில்லை. கேட்ட மாதம்தான் தப்பு.

இன்னொன்றும் அந்தப் பேச்சில் தெரிந்தது. பழைய நோட்டிலிருந்து பாக்கிகளை ஏற்றித் தரும் வேலையை நிறுவனம் இலவசமாகச் செய்துவந்தது. ஒரு கடைக்கு ஒரு ஆளின் இரண்டு நாள் வேலை, மேலும் மறுபடி போய்வருவது, பெட்ரோல். 18,000 ரூபாய் சம்பளக்காரரின் இரண்டு நாள் என்றால் சுமார் 1,450, மற்றதெல்லாம் சேர்த்து இரண்டாயிரத்தைத் தொடும். ஒரு மாதக் கட்டணம் கட்டிவிட்டு விலகும் கடையில் இது முழு நஷ்டம். ஆனால் கடைக்காரர்கள் காசு கொடுக்கத் தயாராக இருந்ததே இந்த வேலைக்குத்தான். ஆள் வருகிறார், உட்கார்கிறார், எழுதுகிறார், கண்ணுக்குத் தெரிகிறது.

எதை எண்ணுவது

இதற்குத்தான் அதிக நேரம் செலவானது. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி விலை வைப்பது உலக வழக்கம். உரக்கடையில் கம்ப்யூட்டர் ஒன்று, உட்காருவது முதலாளி, இல்லாவிட்டால் மகன். ஆள்கணக்கு வைத்தால் எல்லாக் கடையும் ஒன்றுதான்.

பில்லுக்கு இவ்வளவு என்று வைத்தால்? கடைக்காரர் சின்னப் பில்களை நோட்டில் எழுத ஆரம்பிப்பார். கணக்கு முழுமையாக இருந்தால்தான் சாஃப்ட்வேருக்கு மதிப்பு. ஆனால் அந்த முழுமைக்கே அபராதம் போடும் விலை அது.

விற்றுமுதலில் ஒரு பங்கு என்ற யோசனையை ஒரு நிமிடத்தில் கைவிட்டோம். யூரியா கதை ஒரு காரணம். விற்றுமுதலை வெளி ஆளிடம் காட்டச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் அடுத்த டீ வாங்கித் தர மாட்டார் என்பது இன்னொன்று.

கடைசியில் நின்றது பற்றுக் கணக்குகளின் எண்ணிக்கை. அந்தப் போகத்தில் ஒரு தடவையாவது பற்று எழுதிய கணக்குகளை மட்டும் எண்ணி, அதன்படி கடைகளை மூன்று நிலையாகப் பிரிப்பது. கடன் கொடுப்பது கூடக்கூட சாஃப்ட்வேரின் பயனும் கூடும், எண்ணிக்கை கடைக்காரருக்கே திரையில் தெரியும், வரவு செலவு எதுவும் வெளியே போகாது. குறுவை இல்லாத ஆண்டில் எண்ணிக்கை குறையும், கட்டணமும் தானாகக் குறையும். பயன்படுத்தாத ஆட்களுக்கான தொகையை வரவு வைத்துக் கொடுக்கும் முறையை, அலுவலகங்கள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ஸ்லாக் செயலி பெயர் வாங்கும் அளவுக்குச் செய்தது. இதுவும் அந்த வழிதான், ஆளுக்குப் பதில் கணக்கு.

ஓட்டை இல்லாமல் இல்லை. அப்பா, இரண்டு மகன்கள் மூன்று பேர் பற்றையும் ஒரே பெயரில் எழுதினால் எண்ணிக்கை குறையும். நிறுவனத்தில் ஒருவர் அதைத் தடுக்க வழி பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். டெல்டாவில் பல வீடுகளில் பற்று குடும்பத்துக்குத்தான், கடைக்காரர் எப்படிக் கடன் கொடுக்கிறாரோ அப்படியே எழுதட்டும். ஒரு நிலையின் எண்ணிக்கை எல்லையைப் பத்து சதவீதம் வரை தாண்டினால் கண்டுகொள்வதில்லை என்றும் வைத்தார்கள்.

"ஒரே தடவையா வாங்கிட்டுக் குடுத்துடுங்க"

போன கடையில் எல்லாம் இதைக் கேட்டார்கள். டேலியைப் பார்த்துப் பழகியவர்கள். அங்கேயும் ஒருமுறை உரிமம் வாங்கிய பிறகு புதுப்பிப்புகளுக்கு ஆண்டுச் சந்தா உண்டு, ஆனால் அது பலர் நினைவில் இருப்பதில்லை. பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாமா என்று நிறுவனத்துக்கும் ஆசை வந்தது. உடனே பணம் வரும், உண்மைதான். ஆனால் வரிவிகிதம் மாறும்போதெல்லாம் அந்தக் கடைகளுக்கும் வேலை செய்ய வேண்டும், காசு வராது.

இந்த வாதம் வெறும் வாய்ப்பேச்சாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 வரை. அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. உரக்கடையைப் பொறுத்தவரை நுண்ணூட்டங்களும் உயிரிப் பூச்சிக்கொல்லிகளும் 12-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின, ரசாயனப் பூச்சிமருந்து 18-இலேயே நின்றது. ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்து டப்பாவுக்கு வேறு வேறு மாற்றம். கடைகளில் அன்று காலை பில் சரியாக வந்தது. அதற்கு முந்தின ராத்திரி அவர்கள் தூங்கவில்லை. ஆண்டுக் கட்டணம் எதற்கு என்று அதன்பின் கேட்டவர்கள் குறைவு.

பேரம்

பழைய விலைக்கு எழுதப்படாத இன்னொரு விலை இருந்தது. வலிந்து கேட்டவருக்கு ஆண்டுக்கு நாலாயிரம், கேட்காதவருக்கு முழு விலை. மன்னார்குடியில் ஒரே தெருவில் இரண்டு கடைகள், இரண்டு முதலாளிகளும் மாமன் மச்சான். ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு வந்திருக்கிறது. "எனக்கு நாலாயிரம்தானே மச்சான் வாங்குனாங்க, உங்ககிட்ட ஏழாயிரமா?" மறுநாள் காலையில் நிறுவனத்துக்குப் போன் வந்தது. ஏழாயிரம் கொடுத்தவர் கோபப்பட்டார், அது எதிர்பார்த்ததுதான். நாலாயிரம் கொடுத்தவரும் கோபப்பட்டார். இன்னும் கேட்டிருந்தால் இன்னும் குறைத்திருப்பார்கள் போல என்று.

உர மூட்டையிலும் மருந்து டப்பாவிலும் அச்சடித்த விலையைப் பார்த்தே பழகிய தொழில் இது. அதனால் புதிய பட்டியலை வரி உட்பட, அச்சடித்து, எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுப்பது என்று முடிவானது. பேரம் பேச வந்தவருக்கு விலையில் எதுவும் கிடையாது. வேண்டுமானால் மகனுக்கு உட்கார்ந்து சொல்லித்தர ஒரு நாள் ஆள் வரும்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவை நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. இவர்கள் தாங்களாகவே பதிவு செய்திருந்தார்கள், இன்புட் எடுக்கும், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் கடைகள் ஜிஎஸ்டி பில் கேட்டதால். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகளுக்கு இன்புட் கிடையாது, அவர்களுக்கு 18 சதவீதம் முழுச் செலவு. அடியில் இருக்கும் நிலையின் விலையைக் குறைத்து வைத்ததற்கு அதுவும் காரணம்.

2025 மார்ச் விலைப்பட்டியல்

பாக்கிகளை ஏற்றித் தருவதற்கு ஒரே முறை 2,500 ரூபாய், முன்பணமாக. அதன்பின் போகத்துக்கு ஒரு கட்டணம், ஆண்டுக்கு இரண்டு. 150 பற்றுக் கணக்கு வரை 2,400, 500 வரை 3,900, அதற்கு மேல் 6,000. குறுவைக் கட்டணம் அக்டோபர் 31-க்குள், சம்பா, தாளடிக் கட்டணம் மார்ச் 15-க்குள். போகம் முடிந்த பிறகுதான் பணம். நடு நிலையில் இருக்கும் கடை மார்ச்சிலேயே அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டினால் 7,800-க்குப் பதில் 7,000.

கடைக்காரர் விவசாயிக்குப் பற்று கொடுக்கிறார், நிறுவனம் கடைக்காரருக்குப் பற்று கொடுக்கிறது. படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் மூன்று பேர் நிறுவனத்துக்கு இது விளையாட்டில்லை. மாதச் செலவு 85,000. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாதத்துக்கு 5,10,000 வேண்டும், அந்த ஆறு மாதத்தில் வரவு கிட்டத்தட்ட இல்லை. 7,000-இல் வரி போக நிற்பது 5,932. மார்ச்சில் 86 கடைகள் முழு ஆண்டுக்கும் கட்டினால்தான் வண்டி அக்டோபர் வரை ஓடும். அத்தனை கடைகள் கட்டவில்லை. மூவரில் ஒருவர் கோடை முழுக்க வெளியாருக்கு வெப்சைட் செய்து கொடுத்து ஈடுகட்டினார். புதிய விலைத்திட்டம் நல்லதுதான், ஆனால் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் இதில் யாரும் இறங்கக் கூடாது என்பது என் கருத்து.

பணம் கட்டாத கடையை என்ன செய்வது என்பதில் ஒரே பிடிவாதமாக இருந்தேன்: பேரேட்டைப் பூட்டக் கூடாது. அது அவர்களுடைய கணக்கு. பாக்கி நினைவூட்டும் குறுஞ்செய்தி நிற்கும், ஊர்வாரிப் பட்டியல் நிற்கும், பில்லும் பற்றும் எப்போதும் போல ஓடும். விலகிப்போன கடை திரும்பி வருவதற்கு வழி திறந்திருக்கிறது.

குறுஞ்செய்தி ஒரு தனிக் கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70-தான், அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "உங்கள் பாக்கி இவ்வளவு, தயவுசெய்து இந்தத் தேதிக்குள்" என்று மரியாதையாக எழுதினால் ஒரு செய்திக்கு இரண்டு, மூன்று செய்தியின் காசு. முதலில் இதை இலவசமாகக் கொடுத்ததில், தை மாதத்தில் ஒரு பெரிய கடை தன் கட்டணத்தில் கணிசமான பகுதியைச் செய்தியிலேயே தீர்த்தது. இப்போது ஒரு அளவு வரை கட்டணத்திலேயே அடக்கம், அதற்கு மேல் கடை வாங்கிக்கொள்ள வேண்டும். இனிஷியல் எழுதி, கடைப் பெயரைச் சுருக்கி, ஒரே செய்தியில் அடக்கும் வாசகத்தைக் கடைக்காரர்களே கண்டுபிடித்தார்கள்.

முதல் வசூல்

2025-இல் ஜூன் 12-க்கே தண்ணீர் திறந்தது, குறுவைப் பரப்பும் நன்றாகவே இருந்தது. கடைகள் விலகவில்லை. நவம்பரில் நோட்டுக்குத் திரும்பும் பழைய வழக்கம் அந்த ஆண்டு காணவில்லை, திரும்பக் காரணமில்லை என்பதால். மேல்நிலையில் இருக்கும் பெரிய கடைகள் 6,000-ஐ எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டன. அந்த நிலையின் விலை குறைவு என்பதற்கு அதுவே அடையாளம் என்று நினைக்கிறேன், நிறுவனத்தில் மற்றவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சிக்கல் அக்டோபர் 31-இல் வந்தது. அந்த மாதம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்து கிடந்தது, சில இடங்களில் முளைவிட்டது. நெல் கொள்முதலுக்கான 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தத் தமிழக அரசு கேட்க, மத்தியக் குழு வந்து பார்த்துப் போனது. விவசாயிக்குப் பணம் தள்ளிப்போயிற்று, கடைக்கும் தள்ளிப்போயிற்று, நிறுவனத்தின் கெடு மட்டும் காலண்டரில் அப்படியே நின்றது. அந்த ஆண்டுக்கு மட்டும் நவம்பர் 30 என்று மாற்றிச் செய்தி அனுப்பினார்கள்.

அடுத்த போகத்துக்கு என்ன செய்வது என்பதில் இப்போது இரண்டு கருத்து. ஒரு கடையின் குறுவைப் பாக்கியில் பாதி எந்த நாளில் வசூலாகிறது என்பது சாஃப்ட்வேருக்கே தெரியும், அன்றைக்குக் கட்டணப் பில் தானாகப் போகட்டும் என்கிறார் ஒருவர். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அரைநாள் வேலை. கடைக்காரரின் கல்லாவை எட்டிப்பார்த்துப் பில் அனுப்பினால் அன்றோடு கணக்கை மூடிவிடுவார் என்கிறார் மற்றவர். நான் இரண்டாமவர் பக்கம். தேதி தேதியாகவே இருக்கட்டும், நவம்பர் 15 என்று தள்ளி வைத்து, கேட்பவருக்குக் கேள்வி கேட்காமல் ஒரு மாத வாய்தா கொடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் ஆகவில்லை.